ஆசையாகச் சாப்பிடுகிறதாம்!

இன்று காலை கூடத்தைப் பெருக்கும்போது சோபாவுக்கடியிலிருந்து மீன் முள் வந்தது. ஒன்றல்ல, மூன்று. நடுமுள்ளில் வறுத்த தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் வேலை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நேற்று இரவு எங்களோடு சாப்பிட்ட சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் மறுக்கக்கூட இல்லை. "பாவம்மா, உன் பூனை காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு துண்டுதான் போட்டேன். எவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டது தெரியுமா? உடம்புக்கு ஆகாதது என்றால் அது வாயே வைக்காதே!" என்றார்.

என் பூனை செல்லிக்கு வயது 12. ஏழு மாதங்களாகச் சிறுநீரக நோய். சித்தப்பாவுக்கு இது தெரியும். வீட்டுக்கு வந்துபோகும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மேசைக்கடியில் கையை நீட்டுகிறார்கள். நான் திரும்பினால் கையை இழுத்துக்கொள்கிறார்கள். தவறு என்று தெரியாவிட்டால் ஏன் ஒளிக்க வேண்டும்?

"ஆகாதது என்றால் வாயே வைக்காது." இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! ஆசைக்கும் ஆரோக்கியத்துக்கும் முடிச்சுப் போட்டது யார்? நாய் சாக்லேட்டை விட்டுவைக்குமா? தாளோடு சேர்த்துத் தின்னும். அதிலுள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். அளவு மீறினால் இதயம் படபடத்து வலிப்பு வரை போகும். உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கக்கூடியது. எந்த நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிருக்கிறது? லாப்ரடார் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ஒரு மரபணுவில் குறை இருப்பதை 2016இல் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராது. அந்த நாய் தட்டைப் பார்த்து ஏங்கும் ஏக்கத்தை "பாவம், பசி" என்று படித்துக்கொண்டு அள்ளிப் போடுகிறோம். பிறகு மூட்டு வலியில் படி ஏற முடியாமல் நிற்கும்போது, வயதாகிவிட்டது என்கிறோம்.

பூனைக் கதை இன்னும் கொடுமை. டாரின் என்ற அமினோ அமிலம் போதாமல்தான் பல பூனைகளின் இதயம் வீங்கிச் செயலிழக்கிறது என்று 1987இல்தான் தெரியவந்தது. தெருவில் கிடந்ததைத் தின்ற பூனைகள் இல்லை அவை. கடையில் விற்ற உணவை, முழு உணவு என்று நம்பிப் போட்டதை, கிண்ணத்தை நக்கி நக்கிச் சாப்பிட்ட பூனைகள். ஆசைக்குக் குறைவே இல்லை. இதயத்துக்கு வேண்டியதுதான் அதில் குறைவாக இருந்தது. நாக்கு அதைச் சொல்லவில்லை.

செல்லிக்கு நோய் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த அன்று மருத்துவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு வரை போயிருக்கும். போனது திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டும். அதற்குக் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் உணவு: பாஸ்பரஸ் குறைவாக, புரதம் அளவாக, தண்ணீர் நிறைய. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் சிறுநீரக நோயுள்ள 45 பூனைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான உணவு தின்ற பூனைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ரத்தத்தில் கழிவு தேங்கி உயிருக்கே ஆபத்தான கட்டம் வந்தது. சிறுநீரக நோய்க்கான உணவைச் சாப்பிட்டவற்றில் ஒன்றுக்குக்கூட அது வரவில்லை. இவ்வளவு தெளிவாக உயிர் காக்கும் மருந்து ஒன்று இருந்தால் அதைத் தட்டிவிட யாருக்காவது மனம் வருமா? உணவாக இருப்பதால்தான் ஆளாளுக்குக் கை வைக்கிறார்கள்.

அந்த உணவைச் சாப்பிட வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவளைச் சேர்த்திருந்த மருத்துவமனையில், சலைன் ஏறிக்கொண்டிருந்தபோதே, குமட்டலில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் புதிய உணவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். குமட்டும் நேரத்தில் முகர்ந்த உணவைப் பூனை மன்னிக்காது. அந்த வாசத்தையும் வேதனையையும் ஒன்றாகச் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகு, நிதானமாக அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் அந்த டப்பாவைத் திறந்தாலே செல்லி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

பூனையின் நாக்கில் இருப்பவை சுமார் 470 சுவைமொட்டுகள். மனிதனுக்கு 9,000 வரை இருக்கும். பூனையின் உணவில் முதல் தீர்ப்பு மூக்கினுடையது. அதனால் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்து, வாசம் எழும்போது தரையில் வைப்பேன். செல்லி வருவாள். கழுத்தை மட்டும் நீட்டி முகர்வாள். பிறகு முன்னங்காலால் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பறண்டுவாள், மலத்தை மண் தள்ளி மூடுவதைப் போல. அரை மணி நேரம் ஆறவிட்டு, எடுத்துக் கழுவி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். "பட்டினி போடு, தானாக வழிக்கு வரும்" என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. பூனையைப் பட்டினி போடக் கூடாது. சில நாட்கள் சாப்பிடாவிட்டால், அதுவும் குண்டான பூனையாக இருந்தால், உடல் கொழுப்பு கல்லீரலில் வந்து குவிந்து ஆளையே கொன்றுவிடக்கூடும்.

பழைய உணவு மூன்று கரண்டி, புதியது கால் கரண்டி. அங்கிருந்து தொடங்கி, ஒன்பது வாரங்கள் ஆயின. ஒன்பது வாரங்கள்! இப்போதுதான் முழுக் கிண்ணமும் புதிய உணவாக ஆகியிருந்தது. எடை 3.4 கிலோவிலிருந்து 3.6 ஆகியிருந்தது.

சித்தப்பாவை மட்டும் திட்டி என்ன பயன்? இந்த எண்ணத்தை ஊட்டி வளர்ப்பதே உணவு விற்பவர்கள்தான். பையின் மேல் கேரட், பச்சைப் பட்டாணி, பழத் துண்டுகள். யாருக்காக இந்தப் படம்? பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணு அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005இலேயே நிரூபித்துவிட்டார்கள். மீன் வடிவம், எலும்பு வடிவம், சிவப்பும் பச்சையுமாக உருண்டைகள். நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவதே கடினம். எல்லாம் பணம் கொடுக்கும் நம் கண்ணுக்காக. விலங்கின் மூக்குக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. உலர் உணவின் உருண்டைகள் வெந்து வந்த பிறகு அவற்றின் மேல் கொழுப்பையும், ஈரல் போன்றவற்றை நொதிகளால் கரைத்தெடுத்த சாற்றையும் தெளிக்கிறார்கள். பூனை உணவில் பைரோபாஸ்பேட் உப்புகளையும் சேர்க்கிறார்கள். பூனைகள் அதற்கு அப்படி மயங்கும். பாஸ்பேட்! அதாவது பாஸ்பரஸ்! என் பூனையின் சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் திணறுகிற அதே பொருள். இப்படி உப்பாகச் சேர்க்கும் பாஸ்பேட் அளவு கூடினால் நலமான பூனைகளின் சிறுநீரகத்தையே பாதிக்கிறது என்று ஆய்வுகளும் வந்துவிட்டன. பூனை ஓடி வருவது அந்தப் பூச்சுக்கு. "பாருங்கள், எவ்வளவு விரும்புகிறது" என்று விளம்பரத்தில் காட்டுவதும் அந்த ஓட்டத்தைத்தான்.

சரி, எவ்வளவு பாஸ்பரஸ் என்று தெரிந்துகொள்ளலாம் என்று பையைத் திருப்பினால் புரதம், கொழுப்பு, நார், ஈரம் என்று நான்கே எண்கள். பாஸ்பரஸ் இல்லை. ஒரு நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்று முறையும் "எங்கள் உணவு சத்துச் சமநிலை கொண்டது" என்ற ஒரே பதில். கேட்டது ஓர் எண். அதைச் சொல்ல என்ன தயக்கம்?

அந்த நான்கு எண்களும் நேராகப் பேசுவதில்லை. டப்பாவில் புரதம் 10 சதவீதம் என்றிருக்கும், பையில் 32 என்றிருக்கும். பை மூன்று மடங்கு சத்து என்றுதானே தோன்றும்? டப்பாவில் 78 சதவீதம் தண்ணீர். மிச்சமுள்ள 22 பங்கில் 10 பங்கு புரதம், அதாவது 45 சதவீதம். பையில் தண்ணீர் 10 போக 90இல் 32, ஏறக்குறைய 36 சதவீதம். டப்பாவில்தான் அதிகம். நோயுள்ள பூனைக்குப் புரதத்தை அளந்து போட வேண்டியவர்கள் கடையில் நின்றபடி இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

"ஒரு துண்டுதானே" என்கிறார் சித்தப்பா. செல்லியின் எடை 3.6 கிலோ. சித்தப்பாவுடையது 70க்குக் குறையாது. அவருக்கு ஒரு துண்டு என்றால் அவளுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. அதிலும் முள்! முள் என்பதே கால்சியமும் பாஸ்பரசும்தானே? தொண்டையில் குத்தியிருந்தால் அது தனிக் கதை. மேலே பூசிய மசாலாவில் வெங்காயமோ பூண்டோ இருந்திருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். ஏற்கெனவே ரத்தசோகை எட்டிப் பார்க்கிற நோய் இது.

இதையெல்லாம் போனில் அவரிடம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. "இனிமேல் அதன் வாய்க்கு ருசியாக எதுவுமே கிடைக்காதா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

காலையில் சூடாக்கி வைத்த கிண்ணம் அப்படியே இருக்கிறது. செல்லி முகர்ந்தாள், தரையைப் பறண்டினாள், நேராகப் போய்ச் சாப்பாட்டு மேசைக்கடியில் சித்தப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியின் கீழே அமர்ந்துகொண்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கால் கரண்டியை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். இனி யார் சாப்பிட வந்தாலும் இலை எடுக்கும்வரை செல்லி என் அறையில் இருப்பாள், கதவு பூட்டியிருக்கும், சாவி என் இடுப்பில் இருக்கும். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.