'தி ஃபால்': கண் நிறைந்தது, மனம் பாதிதான்

இலங்கை மலையகத்து ஹட்டனில் நண்பர்களோடு உட்கார்ந்து தர்செம் சிங்கின் 'தி ஃபால்' (2006) படத்தை ஒருவழியாகப் பார்த்தாயிற்று. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், நான்கு வருடப் படப்பிடிப்பு, பெரும்பகுதி இயக்குநரின் சொந்தப் பணம். அத்தனையும் திரையில் தெரிகிறது. யானை கடலில் நீந்துகிறது, ஜோத்பூர் நீலநீலமாக விரிகிறது. எய்கோ இஷியோகாவின் உடைகளைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடலாம்.

பேசாப்பட காலத்து லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் ஆஸ்பத்திரி. ஆரஞ்சு பறிக்கும்போது விழுந்து கை முறிந்த சிறுமி அலெக்ஸாண்ட்ரியாவுக்கு, கால் செயலிழந்த சண்டைக் கலைஞன் ராய் கதை சொல்கிறான். சாகத் துடிக்கும் அவனுக்கு அவள் மார்ஃபின் எடுத்து வர வேண்டும், கதை அதற்குக் கூலி.

கதை அவனுடையது, உருவங்கள் அவளுடையவை. ஆஸ்பத்திரி நர்ஸ் இளவரசியாகிறார், ஆரஞ்சுத் தோட்டத்து இந்தியர் வாள்வீரராகிறார். மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு இது நன்றாகவே தெரியும். பகலில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிய மாமா ராத்திரி ஜிகினா கிரீடத்தோடு மன்மதனாக நிற்பார். தப்பு மேளச் சத்தம் ஏற ஏற, அவர் மாமா என்பதே மறந்துபோகும்.

ராய் சொல்லும் கதையில் வரும் வீரர்கள் ஒவ்வொருவராகச் சாகும்போது எனக்கு வலிக்கவே இல்லை. உடுப்பைத் தவிர அவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

என் பெரிய மனக்குறை வேறு. அந்தப் பிள்ளையின் வீட்டைக் கோபக்காரர்கள் எரித்தார்கள், அப்பா செத்துப்போனார், குதிரையும் போயிற்று. அவள் அதைச் சாதாரணமாகச் சொல்கிறாள். 1977இலும் 1983இலும் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரங்களை எங்கள் அம்மாயியும் இப்படித்தான் சொல்வார்: முதலில் காணாமற்போன ஆடு, அப்புறம்தான் ஆட்கள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. படமோ அதைச் சட்டென்று கடந்து அடுத்த பாலைவனத்துக்குப் போய்விடுகிறது. கூலிக்காரப் பிள்ளையின் வாழ்க்கையை விட அரண்மனைக்கு அதிக நேரம் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் படத்தின் மிக அழகான காட்சி அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது. சாவித் துவாரம் வழியாக வரும் வெளிச்சத்தில், வெளியே நிற்கும் குதிரை சுவரில் தலைகீழாக விழுகிறது. ஒற்றை அறை வீடான இருட்டுக் காம்பராவில் கதவைச் சாத்திவிட்டு வெளிச்சப் புள்ளியைப் பிடித்து விளையாடிய தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த அதிசயம் புரியும். அலெக்ஸாண்ட்ரியாவாக நடித்த கட்டின்கா உண்டாருவும் அப்போது சின்னஞ்சிறு பிள்ளைதான். கடைசியில் கதையை மாற்றச் சொல்லி அவள் அழுகிற அழுகைக்கு எந்தக் கோட்டையும் ஈடாகாது.

சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டாதீர்கள், தற்கொலை எண்ணம் நேரடியாகவே வருகிறது. பெரியவர்கள் கிடைக்கிற பெரிய திரையில் பாருங்கள். பார்த்தவர்கள் வாருங்கள், அந்த ஆரஞ்சுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுவோம்.