கவிபுரத்து வெயிலும் கடவுள் வழக்கும்

பொங்கல் வந்தால் போதும், பெங்களூருத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கவிபுரம் கங்காதரேஸ்வரர் கோயில் வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். மாலை வெயில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து குகைக்குள் இருக்கும் லிங்கத்தின் மேல் விழும். கூடவே "சங்கராந்திக்கு மட்டும் நடக்கிற அதிசயம், விஞ்ஞானமே தலைவணங்குது பாருங்க" என்று ஒருவர். "கடவுள் இல்லைன்னு விஞ்ஞானம் எப்பவோ சொல்லியாச்சு" என்று அவருக்குப் பதில் இன்னொருவர். விஞ்ஞானம் போடாத கையெழுத்தை ரெண்டு பேருமே காட்டுகிறார்கள்.

முதலில் வெயில். ஜனவரி 14 அன்று சூரியன் வான நடுக்கோட்டுக்குச் சுமார் 21 டிகிரி தெற்கே நிற்கும். தென்கோடியை அது தொடுவது டிசம்பர் 21, 22 வாக்கில். அதற்கு 24 நாள் பின்னால் சங்கராந்தி என்றால், 24 நாள் முன்னால், நவம்பர் 27, 28 வாக்கிலும் அதே 21 டிகிரிதான். அப்போதும் வெளிச்சம் உள்ளே போயாக வேண்டும். போகிறது. வானியலாளர் பி. எஸ். ஷைலஜாவும் உடன் ஆய்வாளர்களும் தந்த தேதிகள்: நவம்பர் 26 முதல் டிசம்பர் 2 வரை, ஜனவரி 13 முதல் 16 வரை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டேனியல் என்ற ஓவியர்கள் வரைந்த படங்களோடு இன்றைய கட்டடத்தை ஒப்பிட்டு, பிறகு எழுப்பிய சுவர்களால் வெயிலின் வழியே மாறியிருக்கிறது என்றும் காட்டினார்கள்.

இதில் தோற்றது கடவுளா? இல்லை, "சங்கராந்திக்கு மட்டும்" என்பதில் இருக்கும் அந்த "மட்டும்". தேதி சொன்னதால்தான் அதைச் சோதிக்க முடிந்தது.

பெங்களூரு லால்பாக் பூங்காவில் இருக்கும் பாறையும் அப்படித்தான். உலகம் ஆறாயிரம் வருஷத்துக்கு முன் படைக்கப்பட்டது என்பவர் அதன் மேல் ஏறி நின்றால், காலடியில் இருப்பது சுமார் 300 கோடி வருஷப் பழைய கல். இந்த வயதெல்லாம் எப்படித் தெரியும்? பாறைக்குள் இருக்கும் ஜிர்கான் என்ற சின்னப் படிகம் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக உள்ளே விடாது. எனவே பிறகு அதில் கிடைக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. படிகத்தில் விரிசல் விழுந்து ஈயம் கசிந்தால் வயது குறைவாகக் காட்டும். அதற்குத்தான் இரண்டு கடிகாரம்: யுரேனியத்தில் 238 என்ற வகை சிதைந்து பாதியாக 447 கோடி வருஷம், 235 என்ற வகைக்கு 70 கோடி. இரண்டும் ஒரே வயதைச் சொல்லாவிட்டால் கசிவு என்று பிடித்துவிடலாம்.

பிரார்த்தனையையும் அளந்து பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் பைபாஸ் செய்துகொண்ட 1802 பேர், ஆறு மருத்துவமனைகள். தனக்காக வேண்டுகிறார்களா என்று தெரியாதவர்களில், யாருக்காக வேண்டினார்களோ அவர்களில் அறுவைக்குப் பின் சிக்கல் வந்தது 52 சதவீதம், யாருக்காக வேண்டவில்லையோ அவர்களில் 51. வேண்டுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு 59! நாத்திக நண்பர்கள் இதைத் தூக்கிப் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. "வேண்டப்படாத" நோயாளியின் மனைவி வீட்டில் சாமி கும்பிடுவதை யார் தடுத்தார்கள்? மருந்துச் சோதனையில் ஒரு பக்கத்துக்கு மருந்தே போகாமல் பார்த்துக்கொள்ளலாம், இங்கே முடியாது. அதோடு, கேட்டதைக் கொடுக்காமலும் இருக்கலாம் என்பதுதானே கடவுளுக்குப் பக்தர் தரும் இலக்கணம்.

"ஈர்ப்பு விசையின் அளவு போன்ற இயற்கை மாறிலிகள் இவ்வளவு கச்சிதமாக அமைந்தது தற்செயலா?" என்ற வாதம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் நிகழ்தகவு சொல்ல எத்தனை சீட்டில் இது ஒன்று என்று தெரிய வேண்டும். கையில் இருப்பது ஒரே பிரபஞ்சம். "வெற்றிடத்திலிருந்தே எல்லாம் வந்தது" என்பவரும் தப்ப முடியாது. இயற்பியல் சொல்லும் வெற்றிடத்தில் புலங்களும் விதிகளும் ஏற்கெனவே இருக்கின்றன.

எந்தப் பிரபஞ்சம் வந்தாலும் "அவன் செயல்" என்று பொருந்திவிடும் கடவுளை எந்தக் கருவியும் தொடாது. அந்தக் கடவுளை நம்புகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் அடுத்த பொங்கலுக்கு அதே வீடியோவை "ஆதாரம்" என்று அனுப்பும்போதுதான் வம்பு.

கூட்டமில்லாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நவம்பர் கடைசியில் போங்கள். கடிகாரப்படி ஜனவரியைவிடச் சுமார் 20 நிமிஷம் முன்னதாகவே வெளிச்சம் வந்துவிடும், மேகம் மட்டும் இல்லாமல் இருக்கணும்.