பொலிசுக்கு லைட், மாட்டுக்கு இல்லை

மாரி தொடங்கினால் மட்டக்களப்பு–கல்முனை வீதியில் கட்டாக்காலி மாடுகளும் குடியேறிவிடும். வயல் விதைத்தாயிற்று, வளவெல்லாம் ஈரம். படுக்கக் காய்ந்த இடம் தார் ரோடு மட்டும்தான். மாட்டைக் குறை சொல்ல முடியாது. கறுப்பு மாடு, கறுப்பு ரோடு, எதிரே கண்ணைக் குத்தும் பஸ் வெளிச்சம். கூச்சம் தெளிவதற்குள் மோட்டார் சைக்கிள் அதன் முதுகில் ஏறியிருக்கும்.

ஊர்மனைக்குள் 50தான் வேக எல்லை. செட்டிபாளையமும் களுவாஞ்சிகுடியும் ஊர்மனை இல்லாமல் காடா? 50ஐ 70 ஆக்கினால் மோதலின் சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏ/எல் பௌதிகவியல் படித்த பிள்ளைக்கே இது தெரியும். அந்தப் பிள்ளைதான் ஹெல்மெட்டைக் கையில் கொழுவிக்கொண்டு பறக்கிறது!

அப்புறம் இந்தச் சொந்தக்காரர்கள். பிரதேச சபை பிடித்தால் தண்டம் கட்டி மீட்டுவந்து திரும்ப அவிழ்த்துவிடுவார்கள். ரோட்டில் படுத்திருக்கும்வரை ஆளில்லாத மாட்டுக்கு, அடிபட்டதும் நஷ்டஈடு கேட்க நாலு பேர் ஓடிவருவார்கள். கழுத்தில் ஒளி தெறிக்கும் பட்டி ஒன்று கட்ட எவ்வளவு செலவாகும்?

சரி, நாங்களாவது? முன்னால் பொலிஸ் நின்றால் முன்பின் தெரியாதவனுக்கும் லைட் அடித்துச் சொல்கிறோம். வளைவுக்கு அப்பால் பத்து மாடு படுத்திருந்தால் ஒருவரும் அடிப்பதில்லை.