டெக்சாஸா, நியூ ஜெர்சியா? வீட்டின் அளவை மட்டும் பார்க்காதீர்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் நியூ ஜெர்சியின் எடிசன், பிஸ்காட்டவே பக்கத்து நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "டல்லாஸ் பக்கம் வந்துடலாமா?" இரண்டு மாநிலத்திலும் குடும்பத்தோடு வாழ்ந்து, இப்போது டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் எல்லோரும் பேசும் வரிக் கணக்கு. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. இனிமேலும் வரக்கூடாது என்று 2019-இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். நியூ ஜெர்சியில் கணவன் மனைவி சேர்ந்து இரண்டு லட்சம் டாலர் சம்பாதித்தால் எட்டாயிரம் டாலர் பக்கம் மாநிலத்துக்குப் போய்விடும். சொத்து வரியும் நாட்டிலேயே அங்கேதான் அதிகம். 2024-இல் சராசரி 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஒரு கோடி பேர்கூட இல்லாத மாநிலத்தில் 564 நகராட்சிகள். பெரும்பாலான ஊர்களுக்குத் தனி போலீஸ், தனிப் பள்ளி நிர்வாகம். செலவு எங்கிருந்து வரும்? நம் வீட்டின் மீதுதான் விழும்.

ஆனால் டெக்சாஸ் சம்பளத்தில் விட்டதை வீட்டில் பிடித்துக்கொள்கிறது. டல்லாஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ, மெக்கின்னி பக்கம் ஆறு லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டிச் சொத்து வரி வருவது சாதாரணம். விற்பனை வரி 8.25 சதவீதம், நியூ ஜெர்சியில் 6.625, துணிமணிக்கு அதுவும் இல்லை. ஆலங்கட்டி மழையால் கூரைகள் அடிக்கடி பாழாவதால் வீட்டுக் காப்பீடும் ஏறிக்கொண்டே போகிறது. எல்லாம் கழித்துப் பார்த்தால் வரியில் மிச்சமாவது பலர் நினைப்பதில் பாதிகூட இருக்காது.

வீட்டு விலை மட்டும் நிஜமான வித்தியாசம். அதை நான் மறுக்கவே மாட்டேன். எடிசனில் பழைய, சின்ன வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே புது வீடு, நான்கு படுக்கையறையோடு கிடைக்கும். டெக்சாஸ் வீடு கட்டிக்கொண்டே இருக்கிறது. நியூ ஜெர்சி ஊர்களோ புது வீடுகளுக்கு முட்டுக்கட்டை போடுகின்றன. குறைந்த வருமானக்காரர்களுக்கும் ஒவ்வொரு ஊரும் இடம் தர வேண்டும் என்று மவுண்ட் லாரல் வழக்கில் 1975-லேயே மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னமும் அதை எதிர்த்து ஊர்கள் நீதிமன்றம் ஏறுகின்றன. முற்போக்கு மாநிலம் என்று பேர் வைத்துக்கொண்டு இப்படிச் செய்வது எனக்குக் கோபம் தருகிற விஷயம்.

சரி, அப்புறம் ஏன் நான் நியூ ஜெர்சி பக்கம் பேசுகிறேன்? வேலையும் உடம்பும் நன்றாக இருக்கும்போது இரண்டு மாநிலமும் ஒன்றுதான். ஏதாவது ஒன்று தடுமாறும்போதுதான் மாநிலம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

குழந்தைப் பேற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் உடல்நலக் குறைவுக்கான தற்காலிக உதவித்தொகை 1948-லிருந்தே இருக்கிறது. பிரசவத்தை ஒட்டிய வாரங்களுக்கு அதிலிருந்து பணம் வரும். அதன்பின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள 12 வாரம் வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுச் சம்பளத்தில் 85 சதவீதம். இதே விடுப்பு அப்பாவுக்கும் உண்டு. நம் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் சிறு தொகையில் இது நடக்கிறது. டெக்சாஸில் தனியார் ஊழியருக்கு மாநிலம் இப்படி எதுவும் தருவதில்லை. உங்கள் நிறுவனம் பெரிய மனது வைத்தால் உண்டு.

அதோடு 2022-லிருந்து டெக்சாஸில் கருக்கலைப்புக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை. கரு தங்காமல் போகும் பெண்ணுக்குச் சிகிச்சை தரக்கூட மருத்துவர்கள் தயங்கினார்கள். 2025-இல் சட்டத்தைத் தெளிவுபடுத்தித் திருத்த வேண்டி வந்தது. இளம் தம்பதிகள் சதுர அடியைப் பற்றி அவ்வளவு விசாரிக்கிறீர்கள். இதை ஒருவர்கூடக் கேட்பதில்லையே என்பது என் ஆதங்கம்.

மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் அமெரிக்காவிலேயே டெக்சாஸில்தான் அதிகம். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை நியூ ஜெர்சி 2014-இல் விரிவாக்கியது, டெக்சாஸ் மறுத்துவிட்டது. இது நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த மலிவான புது வீட்டுக்கு வெயிலில் நின்று கூரை போடுபவர்களில் பலர் அந்தக் காப்பீடு இல்லாதவர்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டுமானத் தொழிலாளிக்குப் பத்து நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று ஆஸ்டினும் டல்லாஸும் விதி வைத்திருந்தன. தண்ணீர் குடிக்க, நிழலில் நிற்கத்தான். அந்த மாதிரி நகர விதிகளே செல்லாது என்று 2023-இல் மாநிலம் சட்டம் போட்டது. டல்லாஸில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டிய கோடை அது. குறைந்தபட்சக் கூலி இங்கே மணிக்கு 7.25 டாலர், நியூ ஜெர்சியில் 15-க்கு மேல்.

துப்பாக்கி. 21 வயது தாண்டிய பெரும்பாலானோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம் என்பது 2021-லிருந்து டெக்சாஸ் சட்டம். துப்பாக்கியால் இறப்பவர்கள் ஆண்டுக்கு லட்சத்தில் இங்கே சுமார் 15 பேர், நியூ ஜெர்சியில் சுமார் 5. 2023 மே மாதம் டல்லாஸ் பக்கத்து ஊரான ஆலனில், அவுட்லெட் மாலில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். நம் நாட்டிலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளரும் அதில் ஒருவர். சனிக்கிழமை மதியம் நாமெல்லாம் பிள்ளைகளோடு போகிற இடம் அது.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையும் யோசியுங்கள். எடிசனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு பக்கம் வீடு என்றால் அப்பா நடந்துபோய்க் காய்கறி வாங்கி வருவார். பக்கத்து மெட்ரோபார்க் நிலையத்தில் ரயில் ஏறினால் நியூயார்க். ரயில் தாமதமாகும், ஆனால் வரும். ஃபிரிஸ்கோவும் மெக்கின்னியும் டல்லாஸின் டார்ட் போக்குவரத்து அமைப்பில் சேரவே இல்லை. கார் ஓட்டாத பெரியவர்களுக்கு நாம் ஆபீஸ் விட்டு வரும்வரை அந்த நான்கு படுக்கையறைதான் உலகம்.

பிள்ளைகள் பள்ளியில் நிலைத்துவிட்டார்கள், இருவருக்கும் வேலை உறுதி, வீடுதான் பெரிய கனவு என்பவர்கள் தாராளமாக வாருங்கள். குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் பெற்றோரைப் பல மாதம் கூட வைத்துக்கொள்ள நினைப்பவர்களும் வாடகைக்காவது அங்கேயே இருங்கள் என்றுதான் சொல்வேன். ஏற்கனவே இங்கே வந்து குடியுரிமையும் வாங்கியவர்களுக்கு வேறொரு வேண்டுகோள்: மே மாதம் நடக்கும் நகர மன்றத் தேர்தலுக்குப் போய் வாக்களியுங்கள். மிகக் குறைவான பேர்தான் வருகிறார்கள். பிரசாரத்துக்கு உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், எங்கள் தெருவுக்கு எப்போது பஸ் விடுவீர்கள் என்று கேளுங்கள்.