தண்ணீரில் நிற்பவரிடம் கணக்குக் கேட்காதீர்கள்

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற ஒரு அம்மாவிடம் மைக்கை நீட்டி, "முன்னாடியே சொன்னாங்கள்ல, ஏன் கிளம்பல?" என்று கேட்டதைப் பார்த்துவிட்டேன். கூடவே "சொன்ன பேச்சு கேக்காத ஜனம்", "செஞ்ச பாவம்" என்று எழுதிப் பகிர்ந்தவர்களையும் பார்த்தேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒருமுறை திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

"கேள்வி கேட்டதில் என்ன தப்பு?" என்பீர்கள். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. ஒழுங்காகக் கேட்டால் லட்சக்கணக்கான உயிரைக் காப்பாற்றுகிற கேள்வி அது. இன்றைய வங்கதேசத்தில் 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1991 புயலில் சுமார் 1,38,000 பேர். எச்சரிக்கை போயிருந்தும் ஏன் பலர் கிளம்பவில்லை என்று பிழைத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். புகலிடம் தொலைவில் இருந்தது, இருந்ததும் போதவில்லை. மாட்டை விட்டுவிட்டு வர முடியவில்லை. ஆண்கள் நெருக்கியடித்து நிற்கிற அறைக்குள் பெண்களால் போக முடியவில்லை. போன தடவை எச்சரித்தார்கள், ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை நடந்தது. தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய புகலிடங்கள் கூடின, கால்நடைக்கு இடம் வந்தது, பெண்களுக்குத் தனி அறை வந்தது, ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்கள் பெருகினார்கள். ஏறக்குறைய அதே வேகத்தில் 2007இல் சித்ர் புயல் அடித்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய துயரம்தான். ஆனால் இந்த வித்தியாசம் யாரையும் திட்டி வந்ததில்லை. திட்டியிருந்தால் ஒருவரும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"சொன்னாங்கள்ல" என்கிறீர்களே, என்ன சொன்னார்கள்? "கனமழைக்கு வாய்ப்பு" என்பது வானிலைச் செய்தி. எச்சரிக்கை என்றால் அதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: சொல்வது யார், வரப்போவது என்ன, எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்குள், என்ன செய்ய வேண்டும். "ஆற்றங்கரைத் தெருவில் மார்பளவு தண்ணீர் வரும், மாலை 6 மணிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்" என்று சொன்னால் காலில் செருப்பை மாட்டலாம். அப்போதும் மனிதர்கள் உடனே ஓட மாட்டார்கள். பக்கத்து வீட்டில் கேட்பார்கள், இன்னொருவருக்குப் போன் போடுவார்கள். அது அலட்சியம் இல்லை, எல்லா நாட்டிலும் எல்லாரும் செய்வது. அதற்கான நேரத்தையும் சேர்த்துத்தான் எச்சரிக்கை தர வேண்டும். பிந்திவிட்டால் "நடந்தே வந்திருக்கலாமே" என்றும் சொல்லாதீர்கள். வேகமாக ஓடுகிற தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்க்கும். 60 செ.மீ. வந்தால் காரையே இழுத்துக்கொண்டு போகும்.

"பாவம்" என்றவர்களுக்கு: இந்த இடத்தில் காந்தியே தவறியிருக்கிறார். 1934 ஜனவரி 15 பிகார் நிலநடுக்கத்தை, தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொன்னார். அப்போது அவர் தமிழகத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தீண்டாமையை அவரளவுக்கு வெறுத்த தாகூரே அதை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்வுக்குக் காரணம் இயற்கையில்தான் இருக்கும் என்று மறுத்து எழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். அவ்வளவு நல்ல நோக்கத்தோடு சொன்னபோதும் அந்த வாதம் நிற்கவில்லை. 1755 நவம்பர் 1, போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நிலநடுக்கம் நடந்தது கிறிஸ்தவர்களின் புனிதர் அனைவர் திருநாள் காலையில். நிறைந்திருந்த தேவாலயங்கள் இடிந்தன. செத்தவர்களில் பலர் ஜெபத்தில் இருந்தவர்கள். அவர்களுடைய பாவக் கணக்கை யார் எழுதுவது?

"அப்படியென்றால் யாரையுமே கேட்கக் கூடாதா?" கேளுங்கள், விடாமல் கேளுங்கள். 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் துருக்கியில் அடுக்குமாடிகள் தளம் தளமாக ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. தூணில் நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங் கம்பியை நெருக்கமாகக் கட்டாமல், அதன் முனையைக் கான்கிரீட்டுக்குள் மடக்காமல் விட்டால், குலுக்கலில் ரிங் விரிந்துவிடும், நிமிர்ந்த கம்பிகள் வளையும், தூண் நொறுங்கும். இதற்குக் கட்டியவர் பதில் சொல்ல வேண்டும். மேற்பார்வை பார்த்தவர் சொல்ல வேண்டும். விதிமீறிய கட்டடங்களுக்கு 2018இல் மன்னிப்புக் கொடுத்த அரசு சொல்ல வேண்டும். மூன்றாவது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவர் எதற்குச் சொல்ல வேண்டும்? பொறுப்புக் கேட்பது ஆவணத்தோடு மேலே போகும். பழி மட்டும் எப்போதும் கீழேதான் இறங்குகிறது, திருப்பிப் பேச முடியாதவர் தலையில்.

"ஆற்றோரத்தில் வீடு கட்டியது யார்?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேறு இடம் வாங்க முடிந்தவர் யாரும் அங்கே போய்க் கட்டுவதில்லை ஐயா.

உதவ நினைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். முகாமில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். 20 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும், உள்தாழ்ப்பாளும் விளக்கும் உள்ளதாக. இவை இல்லையென்றால் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அப்புறம் "முகாம் போட்டும் வரமாட்டேங்குறாங்க" என்று அவர்களையே குறை சொல்வோம். கேட்காமல் பழைய துணி அனுப்பாதீர்கள். நனைந்து பூசணம் பிடித்து, பிரித்து வைக்கவே பத்து ஆளை இழுக்கும். வீடு போனவரிடம் "உயிர் தப்பிச்சதே பெருசு" என்று சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று துருவாதீர்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர் கொடுங்கள். தொலைந்தவர் யார், தினமும் சாப்பிடுகிற மாத்திரை என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்த வீட்டின் கதவு பாதி திறந்திருந்தது. மீட்புக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உள்ள வேற யாராவது இருக்காங்களாம்மா?" நான்கு நிமிடக் காணொளியில் அதை ஒருவரும் கேட்கவில்லை.