கோலாரில் பிடித்த நியூட்ரினோ

மியூவான் என்ற நுண்துகளைப் பற்றிப் படித்ததில் இருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வயசில் எந்தப் பரீட்சைக்குடா படிக்கிறாய் என்று அம்மா திட்டுகிறார்.

விஷயம் இதுதான். விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தலைக்கு மேல் 15 கிலோமீட்டர் வாக்கில் காற்றில் மோதும்போது மியூவான்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். நியாயப்படி அங்கேயே செத்திருக்க வேண்டும். ஆனால் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் நின்று கையை விரித்தால், நிமிடத்துக்கு நூறு வாக்கில் அதைத் துளைத்துக்கொண்டு போகின்றன!

அவ்வளவு வேகத்தில் போகும் பொருளின் கடிகாரம் நம் கணக்குக்கு மெதுவாக ஓடுகிறது, அதனால் அதன் ஆயுள் நமக்கு நீண்டு தெரிகிறது. ஐன்ஸ்டீன் 1905ல் எழுதிவிட்டார், மியூவான் கண்ணில் பட்டதோ 1936ல். மியூவான் பக்கம் இருந்து பார்த்தால் அதன் ஆயுள் கூடவே இல்லை, நம் காற்று மண்டலம்தான் சுருங்கிப் போயிருக்கிறது. இரண்டும் சரியாம். இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பள்ளியில் இதை ஒருத்தராவது வாயைப் பிளந்துகொண்டு சொல்லியிருக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது சூத்திரமும் மதிப்பெண்ணும்தான்.

அப்புறம், 'எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னது' என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. பெருமைப்பட நிஜமாகவே ஒன்று பக்கத்தில் இருக்கிறது. குப்பம் வழியாகப் போனால் கோலார் தங்கவயல். அந்தச் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆய்வாளர்களும் சேர்ந்து கருவிகளை வைத்தார்கள். மேலே இருந்து வரும் மியூவான்களைக் கிட்டத்தட்ட மொத்தமாகப் பாறை தடுத்துவிடும். தடுக்க முடியாதது நியூட்ரினோ, அநேகமாக எதிலும் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள். அது எப்போதாவது ஒருமுறை பாறையில் மோதிப் புதிய மியூவானை உண்டாக்கும். தப்பித் தவறி மேலே இருந்து இறங்கும் மியூவான் நேர்க்குத்தாக வரும், நியூட்ரினோ உண்டாக்கியதோ எந்தப் பக்கம் இருந்தும் வரும் என்பதால், பக்கவாட்டில் வருவதைப் பிடிக்கிற மாதிரி கருவிகளைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். என்ன மூளை! 1965ல் பிடித்தும் விட்டார்கள். காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகிலேயே முதலில் பார்த்தது அங்கேயும், அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும்தான். (சேலத்தில் இருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்ததும் அந்த 1965ல்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்.) கோலார் சுரங்கத்தில் உயிரைப் பணயம் வைத்து இறங்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் தங்கத்துக்காக வெட்டிய குழி இல்லாவிட்டால் இந்தக் கண்டுபிடிப்பு அங்கே நடந்திருக்காது. இதைத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லப் போகிறோம்?

மாங்காய் மண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் டீக்கடையில் இதையெல்லாம் கொட்டினேன்.

"இதனால மாங்கா வெல ஏறுமா?" என்றார்.

"ஏறாதுண்ணே. ஆனா சூரியன்ல இருந்து நொடிக்கு 6,500 கோடி நியூட்ரினோ உங்க கட்டைவிரல் நகம் அளவு இடத்துல பூந்து போகுது."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நகத்தைப் பார்த்தார். "ராத்திரியில?"

"அப்பவும்தான். சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும், அதனால பூமியைத் துளைச்சுக்கிட்டு கீழ இருந்து வரும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப மல்லாந்து படுத்தா முதுகு வழியா ஏறும்ங்கிற?"

ஆமாண்ணே என்றேன். டீக்குக் காசு அவரே கொடுத்தார்.