ஒரு நாளைக்கு எத்தனை ‘ணும்’?

போன மாதம் ஒரு நாள் என் ஸ்மார்ட் வாட்ச்சில் சார்ஜ் இல்லை. அதனால் நடக்கப் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தவள், எண்ணிக்கையில் ஏறாத நடையை நடந்து என்ன புண்ணியம் என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மனசு கொஞ்சம் லேசாகட்டும் என்று ஆரம்பித்த நடை அது.

சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்று மட்டும்தான் டாக்டரும் சொல்லியிருந்தார். பத்தாயிரம் அடி என்று கணக்கு வைத்துக்கொண்டது நான். 6,400 வந்த நாளெல்லாம் எனக்குத் தோற்ற நாள். ராத்திரி பத்தரை மணிக்குச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். “கோயில்ல சுத்தினாலாவது சுண்டல் கிடைக்கும்” என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பத்தாயிரத்தின் பூர்வீகம் தெரிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. மறு வருஷமே ஜப்பானில் ஒரு கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொண்டு அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க ஆரம்பித்தது. பெயர் ‘மான்போ-கெய்’. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். சொல்வதற்கு எடுப்பான எண், ஒட்டிக்கொண்டது. அதைவிடக் குறைந்த அடிகளிலேயே நல்ல பலன் தெரிகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. எங்கேயோ வைத்த ஒரு வியாபாரப் பெயர், அறுபது வருஷம் கழித்து என்னை மேசையைச் சுற்ற வைத்திருக்கிறது.

மறுநாள் விளையாட்டாக ஒன்று செய்தேன். எழுந்ததிலிருந்து மனசுக்குள் எத்தனை ‘ணும்’ ஓடுகிறது என்று எண்ணினேன் (எண்ணுகிற புத்தி மட்டும் போகவில்லை). மாவை எடுத்து வெளியே வைக்கணும், பையனுக்கு ஃபீஸ் கட்டணும், அத்தைக்கு மாத்திரை வாங்கணும், எடையைக் குறைக்கணும், யாரிடமும் கத்தாமல் இருக்கணும். ஆபீஸ் பஸ் வருவதற்குள் 31. அதில் 27ஆவது, ‘கொஞ்சம் நிம்மதியா இருக்கணும்’.

கேரன் ஹார்னை என்று ஒரு மனநல மருத்துவர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1950இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார், ‘ஷுட்’களின் கொடுங்கோன்மை என்று. நம் ஊர்க் கணக்கில் ‘ணும்’ ராஜ்ஜியம். இப்படி இருக்க வேண்டியவள் நான் என்று ஒருத்தியைக் கற்பனையில் செய்து வைத்துக்கொண்டு, நிஜத்தில் இருக்கிறவளை அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தி நாள் முழுக்கத் திட்டுவது. என் கற்பனைக்காரி காலை ஐந்து மணிக்கு எழுந்து தியானம் செய்கிறாள். அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

இதற்காக எல்லாவற்றையும் ஏனோதானோ என்று செய்யலாம் என்று சொல்ல வரவில்லை. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். மாதக் கடைசியில் ஒரு ரூபாய் இடித்தாலும் எழுந்திருக்க முடியாது, எழுந்திருக்கவும் கூடாது. அந்தப் பேரேட்டை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் என் தப்பு. பிள்ளையோடு எவ்வளவு நேரம், புருஷனோடு எத்தனை சண்டை, எல்லாவற்றையும் டேலி பண்ணப் பார்த்தால் வீடு தாங்காது.

டொனால்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். உளப்பகுப்பாய்வும் படித்தவர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடியோவில் தாய்மார்களிடம் பேசியவர். குழந்தைக்குக் குறையே இல்லாத அம்மா வேண்டாம், போதுமான அளவுக்கு நல்ல அம்மா போதும் என்றார். கைக்குழந்தையாக இருக்கும்போது அழுதவுடன் ஓடுகிறோம். வளர வளர, கொஞ்சம் தாமதமாகிறது, சில நேரம் தவறிவிடுகிறது. அந்தச் சின்னச் சின்ன ஏமாற்றங்களில்தான் உலகம் தன் இஷ்டத்துக்கு ஓடாது என்பதைக் குழந்தை தாங்கப் பழகுகிறது. அவர் கணக்கில் அம்மாவின் தவறுதலும் வளர்ப்பில் சேர்த்தி. பையனின் டிபன் பாக்ஸில் ஸ்பூன் வைக்க மறந்து, ஆபீஸில் பாதி நாள் குமைந்தவள் நான். அவன் கையால் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான், அவ்வளவுதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றினால், அது இந்தப் பதிவு பேசுகிற விஷயம் இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும். 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மற்றபடி, நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. கல்லூரித் தோழி ஒருத்தி. ‘ஒரு நாள் நிதானமா உட்கார்ந்து பேசணும்’ என்று எட்டு மாதமாக அவளைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிதானமான நாள் வரவே இல்லை. போன வியாழக்கிழமை பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே கூப்பிட்டேன். ஹாரன் சத்தம், பாதி கேட்கவில்லை. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதுகூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஏழு நிமிஷத்தில் பஸ் வந்துவிட்டது. இன்னொரு நாள் சாவகாசமாக என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் வேண்டாம்டி. நாளைக்கும் இதே பஸ்ஸுக்குத்தானே நிப்ப?” என்றாள்.